குளிப்பாட்டும் நேரத்துத் தமிழ்

எங்கள் வீட்டில் நான்தான் வாயாடி. திருநெல்வேலிப் பக்கம் அந்தச் சொல்லில் பாதி திட்டு, பாதி பெருமை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளின் நாத்தனார் சண்டை வரைக்கும், இறங்குவதற்குள் கேட்டு வாங்கிவிடுவேன். கல்யாணமாகி, ரயில்வேயில் வேலை பார்க்கும் கணவரோடு கொல்கத்தாவுக்கு ரயில் ஏறியபோது என் அக்கா அழுதாள். பிரிவு தாங்காமல் இல்லை. "இவ அங்க போயி யார்ட்டப் பேசுவா, வாய் துருப்பிடிச்சுப் போயிருமே" என்றுதான் அழுதாள்.

அவள் சொன்னது கொஞ்சம் நடக்கத்தான் செய்தது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சியில் ரயில் யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸ் எங்களுக்கு. கணவருக்கு யார்டில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற வேலை. நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் அமைதி வேண்டும். "கொஞ்ச நேரம் சும்மா இரேன் தாயி" என்று கையெடுத்துக் கும்பிடுவார். அதனால், வயிற்றில் பிள்ளை தங்கியதும் எனக்கு வந்த முதல் சந்தோஷம் இதுதான்: என் பேச்சிலிருந்து எழுந்து ஓட முடியாத ஒரு ஆள் வரப்போகிறது. பெண் பிறந்தாள். அன்றிலிருந்து அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். குழம்புக்குப் புளி போதுமா என்றுகூட அவளிடம்தான் கேட்பேன்.

அவள் ஒரு வயதிலும் பதில் சொல்லவில்லை, இரண்டு வயதிலும் சொல்லவில்லை.

இதற்கு எங்கள் ஆட்களிடம் கைவசம் ஒரு விளக்கம் இருந்தது. வீட்டில் தமிழ், மாடிப்படியில் ஹிந்தி, வாசலுக்கு வெளியே பெங்காலி. பிள்ளை எதைப் பிடிக்கும், எதை விடும்? மாற்றலாகி இங்கே வந்த தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள், மூன்று வயது வரை பேசாமல் இருந்து அப்புறம் மூன்று பாஷையிலும் விளாசித் தள்ளிய ஒரு பிள்ளையின் கதை. அக்காவும் போனில் அதையே சொன்னாள். "மூணு பாஷை கேட்டா பிள்ளை குழம்பித்தான் கெடக்கும். தானா வரும், சும்மா கெட." எனக்கும் அதை நம்பத்தான் பிடித்திருந்தது. பாஷை மேல் பழியைப் போட்டால் பிள்ளை மேல் குறை இல்லை அல்லவா.

குவார்ட்டர்ஸ் சுவரைத் தாண்டினால் ஒரு கிளப் கட்டடம். துர்கா பூஜைக்குப் பந்தல் போடுகிறவர்களின் கிளப். அதன் பக்கத்து அறையில் அங்கன்வாடி. நம்மூரில் பால்வாடி என்போம், இங்கே ஐ.சி.டி.எஸ். சென்டர், தெருவில் எல்லோருக்கும் அது கிச்சுரி ஸ்கூல். அரிசியும் பருப்பும் போட்டுக் குழைய வேகவைத்த கிச்சுரி, ஒரு முட்டை. அங்கே வேலை பார்த்த அம்மாளைத் திதிமோனி என்று கூப்பிடுவார்கள். நான் மாசமாக இருந்தபோதே வீடு தேடி வந்து என் பெயரைப் பதிந்துகொண்டு போனவர் அவர். பிள்ளை பிறந்த பிறகு மாதா மாதம் எடை பார்க்கக் கூப்பிடுவார். குவார்ட்டர்ஸ் பெண்கள் யாரும் போக மாட்டார்கள். நமக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கும்போது அங்கே எதற்கு, அது இல்லாதப்பட்டவர்களுக்கு என்பார்கள். நான் போனேன். எடை பார்க்க ஒன்றும் போகவில்லை. அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள், நின்றால் பேச்சு நடக்கும், அதற்காகப் போனேன். பாதி புரியாது. புரியாவிட்டாலும் பேச்சு பேச்சுதானே.

அன்றைக்கு என் மகளும் தரையில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் கிச்சுரி, மேலே முட்டை. சமையல் பார்க்கிற பெண்ணின் கையிலிருந்து பெரிய அண்டாவின் மூடி நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. அப்படி ஒரு சத்தம். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பின. மூடி சுழன்று சுழன்று அடங்குகிற வரை என் மகள் முட்டையைத் தோலோடு உருட்டிக்கொண்டிருந்தாள். தலை அசையவில்லை.

நான் திதிமோனியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

பிறகு நடந்ததெல்லாம் சர்க்கார் வழக்கப்படி நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பார்க்க சென்டருக்கு ஒரு டாக்டர் வேன் வந்தது. அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த சிறு பிள்ளைகளுக்கான மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். முழுசாக இல்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மெஷின் வைத்தால் பேச்சு வரும், நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள் என்றார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். இரண்டரை வருஷம் நான் பேசிய பேச்சு அத்தனையும் காற்றோடு போயிருக்கிறது. புளி போதுமா என்று கேட்டதெல்லாம் யாரிடம் கேட்டேன்? கணவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "வரும்னு சொல்லுதாங்கள்ல, வரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மெஷினை இலவசமாகவே கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒன்று, காதுக்குள் அச்செடுத்துச் செய்த குமிழ் ஒன்று. கையில் மூடிப் பிடித்தால் கீச்சென்று கத்தும், அதை வைத்துத்தான் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். மாட்டிய அன்று அவள் ஒரே அழுகை, பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். திரும்பி வரும்போது ஹவுராவுக்கு ஆற்றைக் கடக்கிற லாஞ்சில் ஏறினோம். லாஞ்ச் கிளம்பும்போது ஹாரன் அடித்தான். என் மடியில் இருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் ஆற்றைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், டிக்கெட் கிழிக்கிறவரைப் பார்த்தாள். யார் செய்தது அது என்று தேடினாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் இருந்த ஒரு வயசான பெங்காலிக்காரர் எனக்குப் பைத்தியம் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்தப் பிள்ளையும் நானும் பேசிக்கொள்ள வேண்டும். பெரிய படிப்பு, உத்தியோகம் ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்கு வாய் பேச வேண்டும், எதிர்த்துப் பேச வேண்டும், எனக்குச் சரிக்குச் சரி வாயாட வேண்டும்.

மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகவில்லை. தங்கமான பெண். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, எச்சில் வழிந்தால் தன் துப்பட்டாவாலேயே துடைப்பார். அவர் முதல் நாளே ஒன்று சொன்னார். "இந்தக் காதுக்கு ஒரு பாஷைதான் தாங்கும். இரண்டு மூன்று என்று போட்டால் ஒன்றும் நிற்காது. எனக்குத் தமிழ் தெரியாது, அவள் சொல்வது சரியா தப்பா என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் பெங்காலி. அங்கன்வாடியிலும் அதுதான், விளையாடுகிற பிள்ளைகளிடமும் அதுதான். வீட்டிலும் நீங்கள் அதையே பேசுங்கள். தமிழ் கொஞ்ச நாள் வேண்டாம்."

நான் சரி என்றேன். ஏன் சரி என்று சொல்ல மாட்டேன்? மூன்று பாஷையால் பிள்ளை குழம்பிக் கிடக்கிறது என்று இரண்டு வருஷமாக எல்லோரும் என் காதில் ஓதியிருந்தார்கள். இப்போது படித்த ஒரு பெண்ணும் அதையே சொன்னதும் சந்தேகமே வரவில்லை. பிள்ளை பேச வேண்டும் என்றால் நாக்கை அறுத்துக்கொடு என்று கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். இது அதைவிடச் சுலபம் என்று நினைத்தேன்.

அவர் வேறொன்றும் சொல்லிக்கொடுத்தார். எது பேசினாலும் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, உதடு தெரிகிற மாதிரி பேச வேண்டும். மெஷின் பாதி சொல்லும், உதடு பாதி சொல்லும். செய்கிற வேலையெல்லாம் வாயால் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றினால் ஜோல். வெந்நீர் கொரோம் ஜோல். முட்டை டிம். குளிக்கப் போனால் சான்.

ஆக நான் பெங்காலி பேச ஆரம்பித்தேன். கடைக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும் எனக்கு. திதிமோனியிடமும், கிச்சுரி வரிசையில் நின்ற பெண்களிடமும் தினம் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வருவேன். அதை வைத்து அன்றைய பொழுதை ஓட்ட வேண்டும். இது என்ன, இது டிம். டிம் சாப்பிடு. டிம் நல்லது. அவ்வளவுதான் பேச்சு. நிலா பார்த்தால் சாந்த் என்பேன். அதற்கு மேல் அந்த நிலாவைப் பற்றி எனக்குப் பெங்காலியில் ஒன்றும் தெரியாது. கோபம் வந்தாலும் "நா, நா" என்பதோடு சரி. தமிழில் எனக்குக் கோபம் வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

வீட்டில் நானும் கணவரும் பேசிக்கொள்வதும் நின்றுபோனது. தமிழ் பேச வேண்டுமானால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். ஒருநாள் கணவர் சாப்பிட உட்கார்ந்து, "உப்பு..." என்று தொடங்கிவிட்டு, பிள்ளையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். உப்பு இல்லாமலே சாப்பிட்டு எழுந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

அக்கா வீடியோவில் வருவாள். பிள்ளையோடு நான் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒருநாள் பொங்கிவிட்டாள். "பெத்த பிள்ளைட்ட அடுத்த ஊர் பாஷையிலயா பேசுவ? கல்யாண வீட்டுல மைக் வேண்டாம், ஒன்னைய விட்டாப் போதும்பாங்க. ஒனக்கு என்னட்டி ஆச்சு?" நான், "போனை வையி, பிள்ளை காதுல ஒன் பேச்சு விழுந்துறப் போவுது" என்றேன். அவள் வைத்துவிட்டாள். அப்புறம் வெகுநாள் கூப்பிடவில்லை.

குளிக்கும்போது மட்டும் மெஷினைக் கழற்ற வேண்டும். தண்ணீர் பட்டால் போச்சு. முதலில் வலது, பிறகு இடது, கழற்றி என் உள்ளங்கையில் வைக்கப் பழக்கியிருந்தேன். நான் அதை டப்பாவில் போட்டு ஜன்னல் மேல் வைப்பேன். அதோடு அவளுக்கு ஒன்றும் கேட்காது. கேட்காது என்றால் விதியை மீறியதும் ஆகாது. ஒருநாள் முதுகில் சோப்பு போடும்போது என்னை அறியாமல் வந்துவிட்டது. "ஏட்டி முட்டைக்கண்ணி, அழுக்கைப் பாரு, ஒங்கப்பன் யார்டைத் தூக்கி முதுகுல வச்சிருக்கியாட்டி?" அவள் திரும்பி என் வாயைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

அன்றிலிருந்து குளியலறைதான் எனக்கு வீடு. ஒரு வாளித் தண்ணீர் தீரும் வரை பேசுவேன். "என் சீனிக்கட்டி, என் ராசாத்தி, ஒங்க பெரியம்மை கோவிச்சுக்கிட்டா, போனைக் காணும், நீ பெரியவளாகி அவளுக்கு நல்லா நாலு குடுக்கணும், கேட்டியா." ஊர்க்கதை, மாமியார் கதை, அப்பாவுக்குத் தெரியாமல் நான் சினிமாவுக்குப் போன கதை. அவளுக்கு ஒரு எழுத்தும் கேட்காது. உதட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் கண்ணை உருட்டினால் அவளும் உருட்டுவாள், சிரித்தால் சிரிப்பாள். குளியல் முடிந்து தலை துவட்டி, காது மடலைத் துடைத்து, மெஷினை மாட்டுவேன். அவ்வளவுதான், மறுபடி "எஷோ, கிச்சுரி காபே", வா, கிச்சுரி சாப்பிடு என்று பெங்காலியில் ஆரம்பித்துவிடுவேன்.

அவளுக்குப் பேச்சு வந்தது. அதையும் சொல்ல வேண்டும். முதலில் ஜோல் வந்தது. அப்புறம் டிம். ஒருநாள் அங்கன்வாடி வாசலில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து "மா" என்று ஒரு குரல். வேறு யார் பிள்ளையோ என்று நினைத்தேன். திதிமோனி என் தோளைப் பிடித்து உலுக்கி, "உன்னைத்தான்" என்றார். அம்மா என்று கூப்பிடவில்லை, மா என்றுதான் கூப்பிட்டாள். பாதி கிடைத்ததே என்று வாரி எடுத்துக்கொண்டேன்.

நாலரை வயதில் அவள் வாக்கியமாகப் பேசினாள். திதிமோனியோடு வம்பு வளர்ப்பாள். அப்பாவோடும் பேசுவாள். யார்டில் பெங்காலிக்காரர்களோடு பழகிய நாக்கு அவருக்கு. அவர் கதை சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னிடம் வந்தால் மட்டும் பேச்சு சுருங்கிவிடும். பசிக்கிறது, தண்ணீர் வேண்டும், தலை வாரு. அவள் கேட்கிற கேள்விக்கு என்னிடம் வார்த்தை இல்லாமல் நான் தலையாட்டுவேன். கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அவள் அம்மா கொஞ்சம் மந்தமான பொம்பளை, சோறு போடுவாள், குளிப்பாட்டுவாள், அதிகம் பேசத் தெரியாது. இதை நினைத்து நான் அழுத அழுகை என் கணவருக்குக்கூடத் தெரியாது.

அந்த வருஷம் பயிற்சி கொடுத்த பெண்ணின் ஒப்பந்தம் முடிந்துபோனது. போகும்போது என் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். சில மாதம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. நாங்கள் லாஞ்ச் ஏறிப் போய், இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்புவோம். பிறகு புதிதாக ஒருவர் வந்தார். என்னைவிட மூத்தவர், நரைத்த தலை. பிள்ளையை விளையாடவிட்டு என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் என்ன பாஷை என்றார். பெங்காலி என்று பெருமையாகச் சொன்னேன். என் பெங்காலியைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "உங்கள் பாஷை என்ன?" என்றார். தமிழ் என்றேன்.

"பிள்ளையிடம் தமிழ் பேசுவதில்லையா?"

"கூடாது என்றார்களே. காது தாங்காது என்று."

அவர் மெதுவாகச் சொன்னார். "முன்னால் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அம்மாவுக்கு எது கொட்டுமோ அதில் கொட்ட வேண்டும். பிள்ளை வெளியே பெங்காலி கற்றுக்கொள்ளும், வீட்டில் உங்களிடமிருந்து தமிழ் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தமிழ் பேசியிருக்கலாம்."

பேசியிருக்கலாமாம். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. யார் மேல் பாய்வது என்று தெரியவில்லை. முதலில் வந்த பெண் மேல் பாய முடியுமா? என் பிள்ளைக்குப் பேச்சு கொடுத்தவள் அவள். இந்த அம்மாள் உண்மையைச் சொன்னதற்கா பாய்வேன்? சண்டை போட ஆளே இல்லாத கோபத்தை நான் அன்றுதான் பார்த்தேன். "இன்றைக்கே ஆரம்பியுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது" என்று அவர் சொன்னார். லாஞ்சில் வரும்போது எனக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் பிடித்துக்கொண்டது. இன்னும் நேரம் இருக்கிறது.

மதியம் வீட்டுக்கு வந்தோம். அவளைக் காலையிலேயே குளிப்பாட்டித்தான் கூட்டிப்போயிருந்தேன். சோறு ஊட்டிவிட்டு, பேட்டரியைப் புதிதாக மாற்றி, இரண்டு காதிலும் மெஷினைச் சரியாக மாட்டினேன். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி எதிரே உட்கார்ந்தேன்.

"ஏட்டி முட்டைக்கண்ணி" என்றேன். "நாந்தாட்டி ஒங்கம்மா. நான் எம்புட்டுப் பேசுவேன் தெரியுமா ஒனக்கு? ஊருல என்னைய வாயாடின்னுதான் சொல்லுவாவ. என் சீனிக்கட்டி, என் ராசாத்தி..."

அவள் என் உதட்டைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. தெரிந்துகொண்டாள், என் பிள்ளைக்கு என் தமிழ் தெரிகிறது என்று நினைத்தேன்.

"சான்?" என்று கேட்டாள்.

கேட்டுக்கொண்டே கையைத் தூக்கி வலது காது மெஷினைக் கழற்றினாள். பிறகு இடது. பழக்கியபடி இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தாள். கவுனைத் தலை வழியாக உருவிப் போட்டுவிட்டுக் குளியலறைக் கதவுக்கு ஓடினாள். என் உதடு இப்படி அசைந்தால் மெஷினைக் கழற்ற வேண்டும் என்று இரண்டு வருஷமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

கூப்பிட்டேன். அவளுக்கு எப்படிக் கேட்கும்? காது இரண்டும் என் மூடிய கைக்குள் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

அன்றைக்கு இரண்டாம் தடவை குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்றினேன், சோப்பு போட்டேன், வாயைத் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரக் கையால் என் கீழுதட்டைப் பிடித்து, மெதுவாகக் கீழே இழுத்தாள்.